முகத்தில் எழுதாத பெயர்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. திருவண்ணாமலையில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக் வாசலில் நான்கு பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடந்ததைச் சொல்லவில்லை. இந்த ஊரில் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

முதல் ஆள் பிகானேர் பக்கத்துச் சாமியார். கன்னத்தில் காசு அகலத்துக்கு ஒரு புண், மேலே காய்ந்த பொருக்கு. ஏழெட்டு மாதமாக ஆறவில்லை, வலியும் இல்லை. அடுத்தவர் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பெண். இங்கே வருவதற்கு முன் பொலிவியக் காடுகளில் ஒரு மாதம் சுற்றியவர். முன்கையில் விளிம்பு தடித்து நடுவில் குழிந்த புண். மூன்றாமவர் வவுனியாவில் சொந்தக்காரர்களோடு ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய இலங்கைத் தமிழர். முழங்கைக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டி. பழுக்கவும் இல்லை, அமுங்கவும் இல்லை. நான்காமவர் முசாபர்பூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த பீகார் இளைஞர். அவருக்குப் புண்ணே கிடையாது. முகத்திலும் மார்பிலும் நிறம் வெளிறிய திட்டுகள். இரண்டு வருஷத்துக்கு முன் ஊரில் ‘காலா அசார்’ வந்து, மருந்து ஏற்றிக் குணமானது என்கிறார்.

நால்வரின் தோலிலிருந்தும் துளிச் சதையைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம். வெளிறிய திட்டில் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுகிற வேலை; கிடைத்ததாகவே கொள்வோம். நான்கு தகட்டிலும் தெரிவது ஒன்றே. வெளிர்நீல முட்டை, அதற்குள் செந்நிறத்தில் ஓர் உருண்டைப் புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு. நீளம் இரண்டு முதல் நான்கு மைக்ரான். ஒரு சிவப்பணுவில் பாதிகூடத் தேறாது. தகடுகள் மேசையில் கலந்துபோனால் எது யாருடையது என்று பிரித்துக் கொடுக்க உலகத்தில் ஆளில்லை.

ஆனால் பிரித்தாக வேண்டும். சாமியாரின் புண்ணுக்கு அந்த இடத்திலேயே ஊசி போட்டு வைத்தியம் செய்யலாம். பொலிவியாவில் வாங்கி வந்த புண்ணை அப்படி விட முடியாது. அதை உண்டாக்கும் இனம் கையில் புண் ஆறிய பிறகும் உள்ளுக்குள் பதுங்கியிருந்து, சில சமயம் வருஷங்கள் கழித்து மூக்கின் குருத்தெலும்பைத் தின்னும். பீகார் இளைஞருக்கோ வாரக்கணக்கில் மாத்திரை தேவை. அவருக்கு அந்தத் திட்டுகளால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அவர் தோலிலிருந்து ஒரு பூச்சி அந்த நோயை அடுத்தவருக்குக் கொண்டுபோக முடியும். மைக்ராஸ்கோப்பில் ஒரே முகம். மருந்துச்சீட்டில் வெவ்வேறு நோய். லீஷ்மேனியா என்ற இந்த ஒட்டுண்ணியை அடையாளம் காண்பதில் உள்ள சங்கடம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கிரிவலம் போனவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம் தெரியும். பதினான்கு கிலோமீட்டரும் ஒரே மலைதான். இந்திர லிங்கத்தருகே பார்த்த உருவம் நிருதி லிங்கத்தருகே இல்லை. குபேர லிங்கம் தாண்டினால் வேறொரு மலையோ என்று தோன்றும். அங்கே பொருள் ஒன்று, தோற்றம் பல. லீஷ்மேனியாவில் தோற்றம் ஒன்று, பொருள் பல. மனிதனைப் பிடிக்கும் இனங்கள் மட்டும் சுமார் இருபது.

அந்த முட்டை எங்கே குடியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நம் உடம்பில் கிருமிகளை விழுங்கிச் செரிக்கிற வெள்ளணு வகை ஒன்று உண்டு; மேக்ரோஃபேஜ் என்பார்கள். காவல்காரர் மாதிரி. லீஷ்மேனியா அந்தக் காவல்காரரின் வயிற்றிலேயே குடித்தனம் நடத்துகிறது. அங்கே அதற்கு நீந்த வேண்டிய வேலை இல்லை. ஆகவே வெளியே நீட்டிய வால் இல்லை. இந்த நிலைக்கு அமாஸ்டிகோட் என்று பெயர். உருண்டைப் புள்ளி அதன் உட்கரு. பக்கத்துக் கோடு கைனெட்டோபிளாஸ்ட் என்ற தனிப் பொட்டலம். அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

மணல் ஈ கடித்து இரத்தம் குடிக்கும்போது முட்டைகள் அதன் குடலுக்குப் போகின்றன. அங்கே நீண்டு, முன்பக்கம் சாட்டை போல ஒரு வால் முளைத்து, நீந்தத் தொடங்குகின்றன. இது புரோமாஸ்டிகோட். அடுத்த கடியில் இன்னொருவர் தோலுக்குள் இறங்கிவிடும். மணல் ஈ என்ற பெயரைக் கேட்டுக் கடற்கரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாட்டுக் கொட்டகையின் ஈர மண், சாணம் கலந்த சுவர் வெடிப்பு, இவைதான் அது முட்டையிட்டு வளரும் இடங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். உட்காரும்போது சிறகுகளைத் தூக்கியே வைத்திருக்கும். கொசுவைப் போல ரீங்காரம் செய்து எச்சரிக்கிற நாகரிகமெல்லாம் கிடையாது. சாதாரணக் கொசுவலைக் கண்ணிக்குள்ளும் புகுந்துவிடும். தமிழ்நாட்டில் இந்தப் பூச்சி இல்லாமலில்லை. நோய்தான் இங்கே நிலைத்திருக்கவில்லை. உள்ளுறுப்புகளைத் தாக்கும் வகையான காலா அசார் நிலைகொண்ட மாநிலங்கள் என்று அரசு கணக்கில் வைத்திருப்பவை பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கே.

இன்று இப்படி. நூற்றிருபது வருஷத்துக்கு முன் இந்த ஒட்டுண்ணிக்குப் பெயர் கிடைத்ததில் சென்னைக்குப் பங்கு உண்டு.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு, அப்போதைய அரசு பொது மருத்துவமனைக்கு, ஜார்ஜ் டவுன் தெருக்களிலிருந்து ஒரு மாதிரி நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். விட்டுவிட்டுக் காய்ச்சல், உடம்பு குச்சியாக, வயிறு மட்டும் பானை போல. தொட்டுப் பார்த்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருக்கும். நாள்பட்ட மலேரியா என்று எழுதி கொய்னா கொடுப்பார்கள். கேட்காது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனோவானுக்கு அந்த எழுத்தின் மேல் சந்தேகம். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர், இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர், வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர். மலேரியா என்றால் இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்க வேண்டுமே? இவர்களிடம் அது கிடைக்கவில்லை. இறந்தவர்களின் மண்ணீரலில் அவர் கண்டது, உள்ளே புள்ளியும் கோடுமாக இருந்த சின்னஞ்சிறு உருவங்களை. பிணத்தில் கண்டதை அழுகலின் விளைவு என்று சொல்லிவிடலாம். 1903 ஜூனில் உயிரோடிருந்த பன்னிரண்டு வயதுப் பையனின் மண்ணீரலில் ஊசியிட்டு எடுத்த இரத்தத்திலும் அதே உருவங்கள் தென்பட்டன. அதற்குப் பிறகு அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை.

அதே ஆண்டு மே மாதம் லண்டன் மருத்துவ இதழில் வில்லியம் லீஷ்மன் இதே உருவங்களைப் பற்றி எழுதியிருந்தார். கல்கத்தாவை அடுத்த டம்டம் முகாமிலிருந்து நோயோடு திரும்பி 1900-இல் இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவர் பார்த்தது. டோனோவானின் குறிப்பு ஜூலையில் வந்தது. இருவரும் பார்த்தது ஒன்றுதான். ஆனால் அது என்ன? லீஷ்மன் ஆப்பிரிக்க உறக்க நோயின் கிருமியான டிரிப்பனோசோமா சிதைந்து கிடக்கிறது என்று நினைத்தார். டோனோவான் அனுப்பிய தகடுகளைப் பாரிஸில் பார்த்த லாவரான், மாட்டு உண்ணிக் காய்ச்சலின் கிருமியோடு சேர்த்து அதற்குப் பைரோபிளாஸ்மா டோனோவானி என்று பெயரிட்டார். மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று காட்டி அதற்கு முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு வாங்கியிருந்த ரொனால்ட் ராஸ், இது இரண்டுமல்ல, புது ஜாதி என்று சொல்லி நவம்பரில் லீஷ்மேனியா டோனோவானி என்று பெயர் வைத்தார். முந்திக் கண்டவர் யார் என்ற சச்சரவு அதனாலும் முழுக்க ஓயவில்லை என்பது வேறு கதை. மூன்று பெரிய மனிதர்கள் ஒரே உருவத்தைப் பார்த்து மூன்று குலம் சொன்னார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. மூவரும் முகம் பார்த்துத்தான் சொன்னார்கள்.

ராஸ் சொன்னதற்கு மறு ஆண்டே வலு கிடைத்தது. கல்கத்தாவில் லியனார்ட் ரோஜர்ஸ், நோயாளியின் மண்ணீரல் இரத்தத்தை உறையாதபடி சிட்ரேட் கலந்து குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தார். முட்டைகள் நீண்டு, சாட்டை முளைத்து நீந்தின. பைரோபிளாஸ்மா அப்படிச் செய்யாது. குழந்தை வளர்ந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது.

அதன் பிறகு பெயர்கள் வரிசையாக வந்தன. பாஸ்டன் நகரில் ஓர் ஆர்மீனியச் சிறுமியின் புண்ணில் ஹோமர் ரைட் 1903-இலேயே கண்டது, பின்னால் லீஷ்மேனியா டிராபிகா ஆனது. டூனிஸில் நிக்கோல் குழந்தைகளின் மண்ணீரலில் 1908-இல் கண்டது இன்ஃபான்டம். குழந்தைக்குரியது என்று பொருள். பிரேசிலில் காஸ்பர் வியன்னா 1911-இல் கண்டது பிரேசிலியென்சிஸ். உற்றுக் கவனித்தால் இதில் ஒரு பெயர்கூட ஒட்டுண்ணியின் உடலமைப்பிலிருந்து வரவில்லை. எந்த ஊரில், எந்த வயதில், உடம்பின் எந்தப் பகுதியில் என்பதை வைத்தே வந்தவை. நம்மூரில் ஒரே பெயருள்ள இரண்டு பேரை ‘வேட்டவலம் முருகன்’, ‘போளூர் முருகன்’ என்று பிரிப்பதில்லையா, அதே முறை.

இந்த முறைக்குரிய வினையும் வந்தது. பிரேசிலில் உள்ளுறுப்பைத் தாக்கிய ஒட்டுண்ணிக்கு 1937-இல் சகாசி என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது என்று பல்லாண்டு நம்பினார்கள். மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது அது மத்தியதரைக் கடலோரத்து இன்ஃபான்டமேதான். ஸ்பானியர், போர்த்துகீசியர் கப்பலில் கூட்டிவந்த நாய்களோடு கடல் தாண்டிய ஒன்று. போளூர் முருகன் வேட்டவலத்துக்குக் குடிபெயர்ந்தால் இரண்டாவது ஆள் ஆகிவிடுவாரா என்ன?

பூச்சியைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் நீளம். ஆனாலும் திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை; ஏனென்றால் அதில் ஒரு தாழம்பூ இருக்கிறது. அடியும் முடியும் தேடிய கதையில், முடியைக் கண்டேன் என்று சொன்ன பிரம்மனுக்குப் பொய்ச்சாட்சி சொன்ன பூ. காலா அசார் எதன் மூலம் பரவுகிறது என்ற தேடலில் அந்த இடம் மூட்டைப்பூச்சிக்கு.

சென்னையில் வேலை பார்த்த பேட்டன், மூட்டைப்பூச்சிக்கு நோயாளியின் இரத்தம் ஊட்டி, அதன் குடலில் ஒட்டுண்ணி சாட்டை முளைத்து வளர்வதை 1907-இல் கண்டார். கண்ணால் கண்ட சாட்சி. நெரிசலான ஜார்ஜ் டவுன் வீடுகளில் கயிற்றுக் கட்டில் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கும்; நோயும் அதே வீடுகளில். பொருந்திப்போனது. பல ஆண்டுகள் பலரை அலையவைத்தது. பூச்சியின் குடலில் வளர்வதும் கடியோடு இறங்குவதும் வேறு வேறு என்பது மெதுவாகத்தான் உறைத்தது. ரோஜர்ஸின் குளிர்ந்த கண்ணாடிக் குழாயிலும்தான் அது வளர்ந்தது. கண்ணாடிக் குழாய் யாரையும் கடிக்கவில்லை.

1920-களில் சின்டன் இந்தியாவின் மணல் ஈக்களை வகைபிரித்து வரைபடம் போட்டபோது, பிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் இருக்கும் இடங்களும் காலா அசார் இருக்கும் இடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அர்ஜென்டிபெஸ் என்றால் வெள்ளிக்கால். அழகான பெயர், செய்வது அட்டூழியம். 1924-இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் அதன் குடலில் ஒட்டுண்ணி செழிப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் கடித்து நோய் வரவைக்கக் கிட்டத்தட்ட இருபது வருஷம் பிடித்தது. ஆய்வகத்து ஈக்கள் அதற்குள் செத்துக்கொண்டிருந்தன. தடையை உடைத்தது உலர்திராட்சை. ஈக்கு இரண்டாம் முறை இரத்தம் கொடுப்பதற்குப் பதிலாகத் திராட்சைச் சாறு கொடுத்தால், அது பிழைத்திருப்பதோடு ஒட்டுண்ணிகள் பெருகித் தொண்டையையே அடைத்துக்கொள்வதை ஸ்மித் குழுவினர் கண்டார்கள். அடைபட்ட தொண்டையோடு கடித்தால் உள்ளே இருப்பது வெளியே வரத்தான் செய்யும். 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அஸ்ஸாமில் தாமாக முன்வந்தவர்களை இப்படிக் கடிக்கவிட்டு நோய் தொற்றுவதை நிறுவினார்கள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்காத சோதனை.

பூச்சி தெரிந்துவிட்டது. இனம்?

எழுபதுகளில் ஒரு நல்ல வழி பிறந்தது. ஆரணிப் பட்டு வாங்குகிறவர்களுக்கு அதை எளிதாகச் சொல்லலாம். மேலே பார்த்தால் ஒரே அரக்குச் சிவப்பில் இரண்டு சேலை. தெரிந்தவர் புடவையைத் திருப்பி உள்பக்கத்து நூலைப் பார்ப்பார். ஓர் இழையை உருவி எரித்து முகர்வார். நிறத்தில் இல்லாத வேற்றுமை இழையில் இருக்கும். ஒட்டுண்ணியின் இழை அதன் நொதிகள். ஒரே வேலையைச் செய்யும் நொதி, ஒவ்வோர் இனத்திலும் சற்றே வேறுபட்ட மின்னூட்டத்தோடு இருக்கும். மாவுச்சத்தால் ஆன பாளத்தில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால், ஒன்று கொஞ்சம் முன்னே ஓடும், ஒன்று பின்தங்கும். பதினைந்து நொதிகளை இப்படி ஓடவிட்டுக் கிடைக்கும் கோலத்துக்கு சைமோடீம் என்று பெயர். பிரான்சின் மோன்பெலியே நகரத்து ஆய்வகம் இதில் தலைமை இடம் பிடித்ததால் எண்கள் அந்த ஊர்ப் பெயரோடு வரும்: மோன்-1, மோன்-2 என்று. உலக சுகாதார நிறுவனம் வெகுகாலம் இதையே உரைகல்லாக வைத்திருந்தது.

உரைகல்லுக்கு நிறையத் தங்கம் வேண்டும் என்பதுதான் குறை. நோயாளியிடமிருந்து எடுத்த துளியை முயல் இரத்தம் கலந்த ஊடகத்தில் போட்டு, இருபத்தைந்து டிகிரி சூட்டில், பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறாமல், வாரக்கணக்கில் வளர்த்து, பிறகு பெருக்கி, பிறகு பிழிந்து எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் திருவண்ணாமலையில் இருபத்தைந்து டிகிரியை வைத்துக் காப்பாற்றுவதே ஒரு தவம். முடிவு வருவதற்குள் நோயாளி ஊருக்குப் போயிருப்பார்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். கைனெட்டோபிளாஸ்ட் என்பது டிஎன்ஏ வளையங்களின் குவியல். சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்ட பத்தாயிரம் அளவிலான சிறுவளையங்கள், சில டஜன் பெருவளையங்கள். டோனோவான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த கோடு இதுதான். பெயர் சொல்லக்கூடிய ஏட்டின் ஒரு பகுதி அவர் கண்ணெதிரேதான் மூடிக் கிடந்தது. பிசிஆர் முறை டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டும். சிறுவளையங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், தோலில் ஒரு சில ஒட்டுண்ணிகள் இருந்தாலும் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் வளையங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் வேகமாக மாறுகிறவை. இன்னார் என்று சொல்வதற்கு அவற்றை அப்படியே நம்ப முடியாது.

அதற்கு வேறொரு துண்டு, ஐடிஎஸ்-1 என்பது. புரதத் தொழிற்சாலைக்கான மரபணுக்களுக்கு நடுவே, அவற்றைப் பிரித்து நிற்கும் இடைவெளிப் பகுதி. முக்கியமான மரபணுவில் எழுத்து மாறினால் ஒட்டுண்ணி பிழைக்காது. இடைவெளியில் மாறினால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே ஒவ்வோர் இனமும் தன் பிரயாணத்தின் தடத்தை அங்கேதான் சேர்த்து வைத்திருக்கும். அந்தத் துண்டைப் பெருக்கி, ஜி-ஜி-சி-சி என்ற நாலெழுத்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும் கத்தரி நொதி ஒன்றைப் போடுகிறார்கள். எழுத்துத் தொடர் வேறாக இருந்தால் வெட்டு விழும் இடமும் வேறு. துண்டுகளின் நீளமும் வேறு. ஜெல்லில் ஓடவிட்டால் கம்பிக் கோடுகளாகத் தெரியும். மேஜர் என்ற பாலைவன இனம் தனித்து நிற்கும். டோனோவானியையும் டிராபிகாவையும் பிரிக்கலாம். டோனோவானியையும் அதன் உடன்பிறப்பான இன்ஃபான்டத்தையும் இந்தக் கத்தரி பிரிக்காது. அதற்கு எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும், அல்லது எச்எஸ்பி-70, சைட்டோகுரோம் பி போன்ற வேறு மரபணுக்களுக்குப் போக வேண்டும்.

நடுவில் ஒரு சின்ன எச்சரிக்கை. காலா அசாருக்கு விரல்நுனி இரத்தத்தில் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ஆர்கே-39 என்ற பட்டைச் சோதனை உண்டு. பீகார் கிராமங்களில் அது செய்த உபகாரம் பெரிது. ஆனால் அது பார்ப்பது ஒட்டுண்ணியை அல்ல, ஒட்டுண்ணிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. குணமாகி வருஷங்கள் ஆனபின்னும் நேர்மறையாகக் காட்டலாம். இனப்பெயரைச் சொல்லாது. தோல் நோயில் பெரும்பாலும் கைவிரித்துவிடும். நமது நான்கு பேருக்கு அந்தப் பட்டையை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை.

இத்தனை கருவிகளையும் சேர்த்துக்கொண்டு மூன்றாவது ஆளிடம் வருவோம், வவுனியா சென்று வந்தவரிடம். பாடப்புத்தகக் கணக்குப்படி அவர் கையில் இருப்பது டிராபிகாவாகவோ மேஜராகவோ இருக்க வேண்டும். தோலுக்கு டிராபிகா, உள்ளுறுப்புக்கு டோனோவானி என்றுதானே நூறு வருஷமாகப் படித்து வருகிறோம்?

இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியா நோயாளியைப் பற்றிய குறிப்பு 1992-இல் தெற்கே அம்பாந்தோட்டைப் பகுதியிலிருந்து வந்தது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் வன்னிக் காடுகளில் இருந்த சிப்பாய்களிடம் அது பெருகியது, பிறகு ஊர்மக்களிடமும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நதீரா கருணாவீர குழுவினரும் மோன்பெலியே ஆய்வகத்தாரும் சேர்ந்து நொதிக்கோலம் பார்த்து 2003-இல் வெளியிட்ட முடிவு: டோனோவானி. சைமோடீம் எண் மோன்-37. பீகாரில் வழக்கமாகக் கிடைக்கும் மோன்-2-க்கு நெருங்கிய சொந்தம். பீகாரில் மண்ணீரலை வீங்கவைத்து, மருந்தில்லாவிட்டால் அநேகமாக எல்லோரையும் கொன்றுவிடும் அதே இனம், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டியோடு நின்றுவிடுகிறது.

முதலில் இதைப் படித்தபோது ஏதோ எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. பொதிகை மலையின் மேற்குச் சரிவில், கேரளத்து அகத்தியமலைக் காட்டில் வாழும் காணி மக்களிடமும் தோல் நோய் மட்டும் காணப்பட்டது. புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மைய விஞ்ஞானிகள் மரபணுவைப் படித்து 2015-இல் சொன்னதும் டோனோவானிதான். இமாச்சலத்தின் சட்லஜ் பள்ளத்தாக்கிலும் இதே வினோதம். ஏன் என்று அறிய இலங்கையின் தோல் வகையையும் உள்ளுறுப்பு வகையையும் முழு மரபுத்தொகை அளவில் ஒப்பிட்டிருக்கிறார்கள். வேற்றுமைகள் மிகக் குறைவு. உள்ளுறுப்புகளில் பிழைத்திருக்க உதவும் ஏ-2 என்ற மரபணுத் தொகுதி அவற்றில் ஒன்று. போதாக்குறைக்கு இனங்கள் கலப்பதும் உண்டு. மணல் ஈயின் குடலில் இரண்டு இனம் சந்தித்தால் கலப்புப் பிள்ளை பிறக்கலாம். அப்போது கத்தரி நொதி இரண்டு அப்பன் பெயரையும் சொல்லும்.

ஆக, இனப்பெயர் தெரிந்தால் நோயின் போக்கு தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. ஆனாலும் பெயரை விட முடியாது. கிரிவலப் பாதை நாய்களை நினைத்துப் பாருங்கள். அக்னி லிங்கத்தருகே ஒன்று, சாது ஒருவர் காலடியில் இரண்டு, இட்லிக் கடைக்கு எதிரே ஒரு குடும்பமே. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் இன்ஃபான்டத்தின் சேமிப்புக் கிடங்கு நாய்தான். ஐரோப்பாவில் மருந்து ஏற்றிய கழுத்துப்பட்டை மாட்டுகிறார்கள். பிரேசிலில் தொற்றிய நாய்களைக் கொன்றே பார்த்தார்கள். நம் துணைக்கண்டத்து டோனோவானி பெரும்பாலும் மனிதனிடமிருந்து மனிதனுக்கே போகிறது. டோனோவானி என்று எழுத வேண்டிய இடத்தில் இன்ஃபான்டம் என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால், கஷ்டப்படப்போவது இட்லிக் கடைக்கு எதிரே இருக்கும் அந்த நாய்க் குடும்பம்.

பீகார் இளைஞரின் திட்டுகளிலும் இப்படி ஒரு குழி இருக்கிறது. இது தொழுநோயை நன்றாக அறிந்த மாவட்டம். சேத்துப்பட்டில் அதற்கென்றே மருத்துவமனை கட்டினார்கள். வெளிறிய திட்டைக் கண்டதும் இங்குள்ள கை தொழுநோய் என்று எழுதத் துடிக்கும். திட்டின்மேல் பஞ்சால் தொட்டால் அவருக்கு உணர்ச்சி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் இது காலா அசார் தோலில் விட்டுச்சென்ற மிச்சமாக இருக்கலாம். இந்தத் தோல் மிச்சத்தை 1922-இல் முதலில் விவரித்தவர், காலா அசாருக்கு யூரியா ஸ்டிபமின் மருந்து கண்ட கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. அதே மனிதர்தான் நோயைத் தீர்த்ததும், தீர்ந்த பிறகும் அது தோலில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்ததும்.

கிளினிக்கில் பிசிஆர் இல்லை. மருத்துவர் சதைத் துணுக்கை வழக்கம்போல ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு மட்டும் அனுப்பினால் முட்டை வடிவம் தெரியும், அதோடு சரி. ஃபார்மலின் பட்ட ஒட்டுண்ணி வளராது, அதன் டிஎன்ஏவும் நைந்துபோகும். இன்னொரு துணுக்கை ஆல்கஹாலில் போட்டு, நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருக்க, இது லீஷ்மேனியாவாக இருக்கலாம் என்று முதலில் தோன்ற வேண்டும். தோன்றுவதற்கு ஒரு பழைய வழிதான் இருக்கிறது, ஊர் கேட்பது. நிக்கோலும் வியன்னாவும் பெயர் வைத்த அதே வழி. மரபணு வந்த பிறகு தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்ததும் அதைத்தான்.

மூன்றாம் நம்பர் டோக்கன் உள்ளே போகிறது. மருத்துவர் கட்டியை அழுத்திப் பார்க்கிறார். வலிக்கிறதா என்று கேட்கிறார், இல்லை. எத்தனை மாதம்? நாலு.

“அங்க இருந்தப்ப ராத்திரி எங்க படுத்துத் தூங்கினீங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசிக்கிறார்.

“மாமா வீட்டு விறாந்தையிலதான் டொக்டர். உள்ளுக்கு சரியான வெக்கை. பக்கத்திலேயே மாட்டுக் கொட்டில், அதால நுளம்புக்கு வலை கட்டினனான்.”

மருத்துவர் ஃபார்மலின் பாட்டிலை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, நர்ஸம்மாவிடம் ஸ்பிரிட் அல்லாத சுத்தமான ஆல்கஹால் இருக்கிறதா என்று கேட்கிறார்.